இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பித்த தாளை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அதைக் கேட்க உனக்கு என்ன தகுதி என்று நீ திருப்பிக் கேட்பாய் என்று தோன்றியது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நர்சரியில் உனக்கு அப்புறம் வெட்டு மேஜைக்கு வந்தாளே சுருட்டை முடிக்காரி, அவளுக்கு பிப்ரவரியில் பிரசவம். பழக்கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் வேலை ஆரம்பிக்கிற அதே மாதம். முதலாளியம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு, "எத்தனை வருஷம்தான் ஒட்டுக்கு நாடா சுத்திக்கிட்டே இருப்ப? வர்ற சீசன்ல வெட்டு மேஜைக்கு வா. உங்க அக்கா ரத்தம்தானே, கை வரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, முடியாது என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

வெட்டுக்காரி ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக மடக்குக் கத்தி இருக்க வேண்டும், ஒருத்தி கத்தியை இன்னொருத்தி தொடக் கூடாது. இது நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லாருடைய கத்தியும் இப்போது நீ இருக்கிற ஊரில் உள்ள கத்திக்காரர் செய்ததுதான். கடைக் கத்தி மாதிரி இல்லாமல் ஆளுக்குத் தகுந்தபடி செய்கிறவர், தபாலில் கேட்டால் பதில் போடமாட்டார் என்று சுருட்டை முடிக்காரி சொன்னாள். நான் நேரில் போக அப்பா விடமாட்டார். "ஒருத்தி போனது போதும்" என்கிறார்.

நீ ஒரு தடவை அவரிடம் போய்க் கேட்க முடியுமா? முடியாது என்றால் பதில் போட வேண்டாம். நான் தெரிந்துகொள்வேன்.

உன் கட்டில் மேல் துவைத்த துணியைப் போட்டு வைத்திருந்தோம். இன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சும்மாதான்.

தங்கை


நவம்பர் 21

ஊமைக்கோட்டானுக்கு,

ஏழு மாதம். ஒரு வரி இல்லை. முதல் கடிதம் வருகிறது, பிரித்தால் கத்தி வேண்டுமாம். என் இடத்தில் போய் உட்காருவதற்குக் கத்தி. அதையும் நானே போய் வாங்கித் தர வேண்டுமாம். உனக்கு வாய்தான் இல்லை. நெஞ்சழுத்தத்துக்குக் குறைவில்லை.

கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். முகவரி எழுதிய உறையை மட்டும் ஏனோ போடவில்லை. பிறகு கிழித்ததையும் பொறுக்கி ஒட்ட வைத்துப் படித்தேன். இங்கே பசைக்குப் பஞ்சமில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாள் முழுக்க மடிப்பதும் ஒட்டுவதும்தான் வேலை. சாப்பிட உட்காரும்போதுகூட விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஒரே அறையில் நாலு பேர். என் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலைத் திறந்தால் லாரி பழுது பார்க்கிற இடம். பாட்டு, புகை, கெட்ட வார்த்தை எல்லாம் இலவசம்.

ஞாயிற்றுக்கிழமை கத்திக்காரரிடம் போனேன். உனக்காகப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கத்தியைச் சாணை பிடிக்க வேண்டியிருந்தது. அட்டை மடிக்கிறவளுக்கு எதற்கு ஒட்டுக் கத்தி, எதற்குச் சாணை என்றும் கேட்காதே.

அவர் ஆள் வயசானவரில்லை. முப்பத்தைந்து இருக்கும். காதில் பென்சில், மூக்கில் இரும்புத் தூள்.

"யாருக்குக் கத்தி?"

"தங்கச்சிக்கு."

"தங்கச்சி எங்க?"

"வரல."

"கையையாவது அனுப்பியிருக்கலாமேம்மா. செருப்பு வாங்க வர்றவன் காலை வீட்டுல வெச்சுட்டா வருவான்?"

அவர் சொன்னது இதுதான். ஒரு பிடி களிமண்ணை நன்றாகப் பிசைந்து, குச்சி வெட்டும்போது கத்தியைப் பிடிப்பது போலவே பிடித்து, அப்படியே நிழலில் காயவைத்து அனுப்ப வேண்டும். விரல் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் கைப்பிடி செதுக்குவாராம். எந்தக் கை, அலகு எவ்வளவு நீளம், துருப்பிடிக்கிற இரும்பா துருப்பிடிக்காததா, கைப்பிடி மரமா கொம்பா, திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டுமா வேண்டாமா, இதெல்லாம் எழுது. யோசித்து எழுது. "முதல் கத்தின்னா அழகா இருக்கறதத்தான் எல்லாரும் கேப்பாங்க, மூணாம் நாள் கையில கொப்புளத்தோட வருவாங்க" என்றார்.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதத் தோன்றவில்லையா உனக்கு?

அக்கா


நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு இருமல் காலையில் மட்டும். உனக்கு எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு தபால்தலை வாங்கி வரச் சொன்னதற்கு ஆறு வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

கத்தியைப் பற்றி நிறைய யோசித்தேன். அலகு என் நடுவிரல் நீளம் போதும். நீளமாக இருந்தால் எனக்குப் பயம் வரும், பயம் வந்தால் இழுத்து வெட்டமாட்டேன். துருப்பிடிக்கிற இரும்பே இருக்கட்டும். அதில்தான் கூர் நிற்கும் என்று நீ யாரிடமோ சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தினமும் துடைத்து எண்ணெய் போடுவேன். கொம்புக் கைப்பிடி ஈரத்தில் வழுக்கும். மரம் நல்லது. திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒருமுறை மூன்றாம் மேஜைக்காரிக்கு வெட்டும்போதே மடங்கி விரலில் இறங்கியதைப் பார்த்தேன். மண் நிறத்தில் இருந்தால் சருகுக்குள் விழுந்து தொலைந்துவிடும், அதனால் எங்காவது கொஞ்சம் சிவப்பு இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு அதிகமாகக் கேட்பார் என்றால் வேண்டாம்.

எந்தக் கை என்று கேட்டிருந்தாய். வலது கை.

மண்ணைப் பதினொரு தடவை பிடித்தேன். முதலில் அழுத்தவே வரவில்லை. மூன்றாம் மேஜைக்காரி பார்த்துவிட்டு, "என்னடி, யாருக்கு உருண்டை பிடிக்கிற?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். பன்னிரண்டாவதை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி அனுப்புகிறேன். ஜாக்கிரதையாகத் திற.

தங்கை


டிசம்பர் 12

தங்கச்சிக்கு,

டப்பா வந்தது. கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி உடையவில்லை. உன் விரல் பதிந்த பள்ளங்களில் என் விரலை வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. நடுவிரல் அரை அங்குலம் குறைகிறது. எப்போது இவ்வளவு வளர்ந்தாய்?

வைத்த பிறகுதான் உறைத்தது. நீளம் எட்டாவிட்டாலும் என் வலது கை அதில் சரியாகப் படிந்துவிட்டது. படியக் கூடாதே.

அப்படியே கத்திக்காரரிடம் கொண்டு போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கத்தி பிடிச்ச கையில்லம்மா. பஸ்ஸுல கம்பியப் பிடிக்கிற கை" என்றார். "என் தங்கச்சி பிறவியிலேயே இடதுகைக்காரி" என்றேன். "அப்புறம் ஏன் இத அனுப்புனா?" என்றார். எனக்குப் பதில் தெரியும். வார்த்தை வரவில்லை. உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் என் கத்தியை வாங்கி விரித்துக் காட்டினார். ஒட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் குச்சியோடு படிந்து போனால்தான் வெட்டு நேராக வரும். அதையே இடது கையில் பிடித்தால் சரிவுப் பக்கம் குச்சியில் உட்காரும். ஒரு குச்சியைக் கொடுத்து என்னையே இடது கையால் வெட்டச் சொன்னார். "பாத்தியா, வெட்டல. தோண்டுது" என்றார். அப்படி வெட்டிய இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஓரமெல்லாம் சேர்ந்திருந்தது. நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. "உள்ள காத்து நின்னா பட்டை எப்படிம்மா கூடும்? எந்தச் சாமி வந்து கட்டுனாலும் அது காஞ்சுதான் போகும்."

அவர் கடையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன்.

போன பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் அடித்த மத்தியானம், சாக்குக்குப் பின்னால் படுத்துக்கொண்டு என் கத்தியை உன் கையில் கொடுத்தவள் நான். யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாத கத்தி. "அரை மணி நேரம் பாத்துக்கோடி, அப்புறம் எழுப்பு" என்றேன். நீ எழுப்பவில்லை. நான் தூங்கட்டும் என்று தொண்ணூறு பேரிக்காய் மரக் குச்சிகளையும் நீயே வெட்டி, நீயே நாடா சுற்றி, யார் வெட்டியது என்று காட்டுகிற என்னுடைய ஏழாம் நம்பர் அட்டையைக் கட்டி வைத்திருந்தாய். ஏப்ரலில் தொண்ணூறில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. குச்சி கொடுத்த விவசாயியின் மரமும் அதற்குள் புயலில் சாய்ந்துவிட்டது. மறுபடி வெட்ட அந்த மரமே இல்லை. அவர் நர்சரி வாசலில் நின்று அழுதது உனக்கும் நினைவிருக்கும்.

அன்று கொட்டகைக்குப் பின்னால் நான் உன்னிடம் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வலது கையால்தான் செய்கிறாயா? நாடா சுற்றுவதையுமா? எழுதுவதையுமா?

உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. கொடுத்த கத்தி தப்பு. கொடுத்தவள் தப்பு. வெட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லித் தராமல் போய்ப் படுத்தேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். முதலாளியம்மா காய்ந்த கன்றுகளைக் கொண்டு வந்து மேஜையில் போட்டு, "ஏழாம் நம்பர் யாரு வெட்டுனது?" என்று கேட்டபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் தோள் என் மேல் பட்டுக்கொண்டிருந்தது. நீ நாடா உருளையையே பார்த்துக்கொண்டிருந்தாய். செடி செத்த கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அது போகவில்லை.

இடது கையால் பிடித்து மறுபடி அனுப்பு.

அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் ஒரே தடவைதான் பிடித்தேன். சரியாக வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் மேஜையிலேயே பிடித்தேன்.

நீ எழுதாமல் விட்ட வார்த்தையை நான் எழுதுகிறேன். நான் அதைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. "உன் பீச்சாங்கை பட்டது எதுவும் துளிர்க்காதுடி." இவ்வளவுதான். சொல்லிவிட்டு நீ மூக்கைச் சிந்தினாய். அன்றிலிருந்து வலது கைதான். முதல் மாதம் சாப்பிடும்போது வாய்க்கு வழி தெரியாமல் கன்னத்தில் இடித்துக்கொண்டேன். அப்பா, "என்ன, புதுசா சாப்பிடக் கத்துக்கறியா?" என்று சிரித்தார். உன் மேல் கோபப்பட்டுச் செய்யவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தொண்ணூறும் செத்துப் போயிருந்ததே.

ஏன் பேசவில்லை என்று கேட்கிறாய். எட்டாம் வகுப்பில் என்னை எழுந்து பாடம் வாசிக்கச் சொன்ன நாள் உனக்குத் தெரியும். எழுத்தெல்லாம் தெரிந்தது. சத்தம் வரவில்லை. வரும்வரை நில் என்றார்கள். மணியடிக்கும்வரை நின்றேன், மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் போகவில்லை. அப்பா அடிக்க வந்தபோது, "அவள நான் நர்சரிக்குக் கூட்டிட்டுப் போறேன், விடுங்க" என்றது நீ. கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று நீதான் சொல்வாய். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று என்னைக் கேட்டால் நீ சொல்வாய், அதுவும் சரியாகச் சொல்வாய்.

அன்று முதலாளியம்மா கேட்டபோது உண்மை என் தொண்டைவரை வந்துவிட்டது, அக்கா. சத்தியமாக வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிட்டாய். "நான்தான்" என்றாய். எப்போதும் எனக்காக நீ பேசுவாய், அதுபோலப் பேசிவிட்டாய் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். நேற்று சொல்லாததை இன்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போகும்.

முதலாளியம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டால் நீ திரும்பி வருவாயா? எனக்கு இந்தக் கத்தி, மேஜை எதுவும் வேண்டாம். நீ வந்தால் போதும். ஆமாம் என்று மட்டும் எழுது.

தங்கை


டிசம்பர் 29

தங்கச்சிக்கு,

சொல்லாதே. இத்தனை நாள் மூடியிருந்த வாயைச் சரியாக இப்போதுதான் திறக்க வேண்டுமா? சொன்னால் உன்னையும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நீ எங்கே போவாய்? புது இடத்தில் பேர் கேட்டாலே உனக்கு வியர்க்கும். அந்த மேஜையை விடாதே. அது உனக்குச் சும்மா கிடைத்ததில்லை.

கத்திக்காரர் இரண்டாவது மண்ணைக் கையில் வாங்கியதும் "ஆங்" என்றார். "இது கை. இதுக்குச் செய்யலாம்." சுண்டுவிரலை நீ மடக்கிப் பிடிக்கிறாயாம், அதற்குக் கைப்பிடியின் அடியில் கொஞ்சம் குழிவு விடுவார். தட்டைப் பக்கம், சரிவுப் பக்கம், நகம் போட்டுத் திறக்கிற குழி எல்லாம் பக்கம் மாறும். பூட்டை விடுவிக்கிற தகடும் உன் இடது கட்டைவிரலுக்குத் தோதாக வரும். "சாணைக்காரன் எவனாவது வழக்கம்போலத் தேய்ச்சுக் கெடுத்துருவான், எங்கிட்டயே அனுப்பச் சொல்லு" என்றார்.

உறையில் இரண்டு மரச் சில்லு வைத்திருக்கிறேன். கறுப்பு மரம் கனம், அதிகம் உழைக்கும். மற்றது லேசு, தானாகவே சிவப்பு. தண்ணீரில் நனைத்து, இடது கையில் தேய்த்துப் பார்த்து எது வேண்டும் என்று எழுது. அழகைப் பார்க்காதே. சிவப்பு வேண்டும் என்று நீ கேட்டதைச் சொன்னேன். "கேக்கட்டும், வாழ்க்கைல முதல் தடவை ஏதோ கேக்குது" என்றார். நான் உன்னைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

அக்கா


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

லேசான சிவப்பு மரம். நனைத்தபோது கறுப்பு வழுக்கியது. சிவப்பு கையில் ஒட்டி நின்றது. அழகைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பார்த்தேன்.

நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் முதலாளியம்மா தனியாக உட்கார்ந்து நம்பர் அட்டைகளுக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். "ஏழாம் நம்பர் நான்தான் வெட்டுனேன்" என்றேன். அவர் நிமிராமலே, "என்னது?" என்றார். காதில் விழவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டம்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "தெரியும்டி."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"வெட்டு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்தா தெரியாதா எனக்கு? இருபது வருஷமா இங்க என்ன ஈ ஓட்டிட்டா இருக்கேன்? இந்தப் பட்டறையில இடதுகைக்காரி நீ ஒருத்திதான்."

"அப்புறம் ஏன் அக்காவ..."

"உங்கக்கா சாயங்காலம் தனியா வந்தா. 'என் பேருலயே இருக்கட்டும்மா. நான் எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவேன். இத விட்டா அவ வீட்டுக்குள்ள போய் உக்காந்துருவா, அப்புறம் வெளிய வரவே மாட்டா. அவள மட்டும் வெச்சுக்கோங்க'ன்னா. எனக்கும் அந்த மரத்துக்காரருக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருந்துச்சு. காட்டுனேன். நான் செஞ்சது ஒண்ணும் நியாயம்னு சொல்லல."

அக்கா, நீ அதை என்னிடம் சொல்லவே இல்லையே. அதற்கப்புறம் நீ வீட்டில் இருந்த நாலு நாளும் சொல்லவில்லை. இந்த மூன்று கடிதத்திலும் சொல்லவில்லை.

முதலாளியம்மா என்னை அனுப்பவில்லை. இந்த சீசனில் என் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டு மேஜையும் போடப் போகிறாராம். "வரச் சொல்லு உங்கக்காவ. நான் கூப்ட்டேன்னு எழுது. அவ கைக்கு இன்னிக்கும் இங்க ஆளில்ல" என்றார். எல்லார் முன்னாலும் ஏழாம் நம்பர் விஷயத்தைச் சொல்லியும் விட்டார். மூன்றாம் மேஜைக்காரி என்னைப் பார்த்து, "அடிப்பாவி, உனக்குப் பேச வருமா?" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய செய்தி.

அப்பாவிடமும் சொன்னேன். "வேலையக் கெடுத்துட்டு வந்து என் முன்னாடி உக்காராத" என்று அன்று உன்னைத் திட்டினாரே, அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ரொம்ப நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்னு கேட்டு எழுது. நான் போய் நிக்கறேன்" என்றார்.

பக்கத்துப் பக்கத்து மேஜை, அக்கா. நீ பேசவே வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை. கத்தியைத் தபாலில் போடாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.

தங்கை


ஜனவரி 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரி, "என்னாச்சு?" என்றாள். "என் தங்கச்சி பேசிட்டா" என்றேன். "அடடே, எத்தன மாசக் குழந்தை?" என்றாள். "பதினேழு வயசு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சிரித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

நான் வரவில்லை.

முதலாளியம்மாவிடம் உனக்காகக் கேட்டது உண்மைதான். கேட்டுவிட்டு வந்து பையைக் கட்டினேன். நாலு நாள் அந்தப் பை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே போவாய், வருவாய். எனக்குச் சாப்பாடு போட்டாய், என் துணியை மடித்துக் கொடுத்தாய், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டிலை நான் மறந்துவிடுவேன் என்று நீயே பைக்குள் வைத்தாய். போகாதே என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்துக்கும் வந்தாய். பஸ் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையை ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பேன். எல்லாரும் என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று இறங்கியிருப்பேன்.

ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பீச்சாங்கை என்று நான் சொன்னதற்கு அப்புறம் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை. நான் என்ன செய்யட்டும்? பக்கத்து மேஜையில் உட்கார்ந்தால் நான் உன் கையைப் பார்ப்பேன். நீ என் முகத்தைப் பார்ப்பாய். கொஞ்சம் தாமதமாக எழுந்து வந்தாலே என்ன நினைக்கிறேனோ என்று நீ நடுங்குவாய். அப்படி உன்னை நடுங்க வைத்து ஒரு வீட்டில் இருக்க எனக்கு இஷ்டமில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே. எவ்வளவு நாள் என்று எனக்கே தெரியாது, அதனால் கேட்காதே. உன் எழுத்தைப் பார்த்தால் வந்துவிடுவேன். மனசு ஆறாமல் வந்தால் திரும்பவும் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத முடிகிற அன்று நானே எழுதுகிறேன்.

கத்தி இதோடு வருகிறது. முதல் வாரம் விரிக்க இறுக்கமாக இருக்கும். நகத்தை உடைத்துக்கொள்ளாதே, சுழல்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. பேரிச் சாறு பட்டால் அலகு கறுக்கும், பயப்படாதே, அது துருவில்லை. மடக்கும்போது பூட்டை விடுவிக்கிற கட்டைவிரலை உடனே எடு. கடையில் உனக்காக வாங்குவதற்கு முன் நானே இடது கையால் பிடித்துப் பார்த்தேன். எனக்குக் கோணலாக இருந்தது. அப்படியென்றால் உனக்குச் சரியாக இருக்கும்.

அப்பாவிடம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதமாட்டேன். இது பார்சல் வந்து சேர்ந்தது என்ற தகவலுக்கு மட்டும்.

கத்தி சரியாக இருக்கிறது. சுண்டுவிரல் தானாகப் போய்க் குழிவில் உட்காருகிறது. நேற்று பழகுவதற்காக முதலாளியம்மா கொடுத்த வெறும் குச்சிகளில் நாற்பது வெட்டினேன். முதல் ஆறு மோசம். ஏழாவதிலிருந்து தட்டையாக வந்தது. வெட்டியதைக் கொடுக்கப் பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. எனக்கு நாடா சுற்ற ஆள் அடுத்த வாரம்தான் வருகிறாளாம்.

பஸ்ஸில் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு விஷயம். அப்பாவுக்கு இந்த மாடிப்படி ஏற முடியவில்லை. நர்சரிக்குப் பக்கத்திலேயே கீழ்வீடு ஒன்று காலியாக இருக்கிறது, போய்விடலாம் என்றார். தண்ணீர் வசதி நல்லது, வெளிச்சமும் உண்டு. எனக்கும் நடை மிச்சம். வேண்டாம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி வேணாங்கற? என்ன குறை அதுல?" என்று அப்பா கேட்டார்.

"அக்காவுக்கு இந்த விலாசம்தான் தெரியும்" என்றேன்.

அப்பா இப்போது படிக்கட்டில் பிடித்துக்கொண்டு ஏற ஒரு கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்கை